கம்பெனிப் பெயர் இல்லாத மாத்திரை

பஸ் படியில் உரசிய சின்னச் சிராய்ப்புதான். கெண்டைக்காலின் பின்பக்கம் என்பதால் நான் கவனிக்கவில்லை. காய்ச்சல் வந்து, கால் கனத்துப்போன பிறகுதான் செக்காலை ரோட்டில் இருக்கும் டாக்டரம்மாவிடம் போனேன்.

"கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்.

"நான் மட்டுந்தான் டாக்டர்."

சிவந்திருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். "இந்தக் கோட்டைத் தாண்டிச் செவப்புப் பரவுனா உடனே வந்துருங்க. வீட்டுல இருக்கவுகளைத் தெனம் பாக்கச் சொல்லுங்க."

தலையாட்டினேன். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்த பிறகு வீட்டில் வேறு யாரும் இல்லை. அதையெல்லாம் அங்கே விளக்கிக்கொண்டிருக்கத் தோன்றவில்லை.

கீழே மருந்துக் கடையில் விலையைக் கேட்டதும் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்த ஆன்டிபயாட்டிக்குக்கு ஆகும் பணத்தில் எனக்கு ஒரு வாரச் சாப்பாடு நடக்கும்.

"பாதி வாங்கிக்கங்க. கேட்டுருச்சுன்னா நிப்பாட்டிறலாம். நெறையப் பேரு அப்படித்தான் வாங்குறாக," என்றார் கடைக்காரர்.

எனக்குச் சரியாகப் படவில்லை. மறுபடி மாடியேறி, மற்ற நோயாளிகள் போகும்வரை காத்திருந்து, இதே மருந்து விலை குறைவாகக் கிடைக்குமா என்று டாக்டரிடமே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "மருந்து பழசுதான். எத்தனையோ கம்பெனி போடுது. இந்தக் கம்பெனிக்காரவுக ஊர் ஊரா ஆள் அனுப்பி, சாம்பிள் குடுத்து, பேரை எங்க மனசுல பதிய வச்சிருக்காக. அந்தச் செலவெல்லாம் வெலையிலதான் ஏறும். எழுத உக்காந்தா எனக்கும் அந்தப் பேருதான் வருது."

வேறு சீட்டில் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரை மட்டும் எழுதினார். "அரசாங்க மலிவு விலை மருந்துக் கடையில கேளுங்க. மருந்துப் பேரும் மில்லிகிராமும் இதேதானான்னு பாத்து வாங்குங்க. வேற எதாச்சும் குடுத்தா எங்கிட்டக் கேக்காமச் சாப்பிடாதீக. காய்ச்சல் விட்டுருச்சுன்னு பாதியில நிப்பாட்டவும் கூடாது."

ஆட்டோ பிடித்துப் போய் வாங்கினேன். ஆட்டோக் கூலியைச் சேர்த்தும் முதலில் கேட்ட விலையில் பாதி வரவில்லை. வீட்டுக்கு வந்து முதல் மாத்திரையை விழுங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு மலிவான மருந்து கேட்குமா? கேட்கிறதா என்று பார்க்கவும் வழியில்லை. கண்ணாடியைத் தரையில் சாய்த்துக் குனிந்தால் தலை சுற்றியது. செல்போனில் படம் எடுத்தால் புடவைக் கரைதான் விழுந்தது.

மறுநாள் காலையில் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கணவர் மலேசியாவில் இருக்க, மாமியாரோடு வசிக்கும் பெண். பல வருடங்களாக எதிரெதிரே இருந்தும் தலையசைப்பைத் தாண்டிப் பேசியதில்லை. விஷயத்தைச் சொல்லி, காலைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். "அல்லாவே, இதை வச்சுக்கிட்டா தனியாக் கெடந்தீக? கோட்டுக்கு உள்ளதான் இருக்கு அக்கா. பயப்படாதீக. நாளைக்கு நானே வந்து பாக்குறேன்."

சொன்னபடி தினமும் காலையில் வந்தார். பார்த்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்தும் போவார். மாமியாரின் சர்க்கரை மாத்திரை விலை பற்றிப் புலம்பியபோது, நான் கேட்டதையே அவர்களுடைய டாக்டரிடமும் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். அந்த மாதத்திலிருந்து அவர்களுக்கும் செலவு குறைந்தது.

சிவப்பு உள்ளே உள்ளே சுருங்கியது. காய்ச்சல் விட்ட பிறகும் மாத்திரைகளை முழுதாகச் சாப்பிட்டு முடித்தேன். "நல்லா ஆறிருச்சு அக்கா, இனிப் பாக்க ஒண்ணுமில்ல," என்று அவர் எழுந்தபோது, இன்னும் கொஞ்சம் உட்காரச் சொல்ல நினைத்தேன். அதற்கு என்ன காரணம் சொல்வதென்று தெரியவில்லை.

இப்போதும் வாசலில் பார்த்தால் பேசிக்கொள்கிறோம். தண்ணீர் வந்ததா, கீரைக்காரம்மா போய்விட்டாளா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.