போட்டு வாறன் என்ற சொல்

வெளிநாட்டிலிருந்து வந்து திருகோணமலைத் துறைமுகப் பக்கம் குடியிருக்கப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம் உண்டு. மானுக்குப் பிஸ்கட் போடாதீர்கள். தெருவில் மான் திரிவது உங்களுக்கு அதிசயம். எங்களுக்கு அது கொடியில் காயும் துணியைச் சப்புகிற சனியன். ஓட்டோவில் ஏறுமுன் கூலியைப் பேசுங்கள். மீன் வாங்கும்போது விற்கிறவனின் சிரிப்பைப் பார்க்காமல் செவுளைத் தூக்கிப் பாருங்கள். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கடலில் இறங்காதீர்கள். யாராவது "சாப்பிட்டியளோ" என்று கேட்டால் ஓம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். காலையில் தின்ற பாண் ரொட்டியையும் பழத்தையும் நின்று விவரிக்க வேண்டாம்.

இதெல்லாம் எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரனுக்கு நான் சொல்லிக் கொடுத்தவை. உப்புவெளிக் கடற்கரையில் சுற்றுலாக்காரருக்குக் கடலுக்கடியில் சுழியோடப் பழக்குவது அவனுடைய வேலை. நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

தமிழ் சொல்லிக் கொடுத்தது என் மனைவி. அவள் திரியாய் ஊர்க்காரி. மாலையில் குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு அவனை இருத்தி, கையில் வெங்காயத்தைக் கொடுத்து உரிக்க வைத்துக்கொண்டே கதைப்பாள். எதைச் சொன்னாலும் கடைசியில் "விளங்கினதோ?" என்று கேட்பது அவளுடைய பழக்கம். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என்னிடமும் அப்படித்தான். நான் என்ன செவிடனா என்று எரிந்து விழுந்திருக்கிறேன். அவனோ அதையும் தமிழ் இலக்கணம் என்று நினைத்துக்கொண்டான். மீன்காரரிடம் போய், "அரைக் கிலோ சூரை தாங்கோ, விளங்கினதோ?" என்பான்.

"விளங்கினது ஐயா, அடிச்சுப் போடாதேங்கோ" என்பார் மீன்காரர். நாலு பேர் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

முதல்நாள் வேலைக்குப் புறப்பட்டபோது, "அக்கா, நான் போறன்" என்றான். அவள் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"போறன் எண்டு சொல்லக் கூடாது தம்பி. போட்டு வாறன் எண்டு சொல்லோணும். திரும்பி வாற ஆள் அப்பிடித்தான் சொல்லும். விளங்கினதோ?"

அதன் பிறகு ஒருநாளும் தவறவில்லை. "அக்கா, போட்டு வாறன்." கடைசி எழுத்தை அவள் இழுப்பது போலவே இழுத்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் திரியாய் ஆள் என்றுதான் நினைப்பீர்கள்.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் பழுதானது. ஆஸ்பத்திரி, வீடு, திரும்ப ஆஸ்பத்திரி. எழும்ப ஏலாமல் கிடந்த நாட்களிலும் அவன் கட்டிலருகே வந்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் போவான். அவள் விரலைத் தூக்குவாள். ஒருநாள் அவள் போய்விட்டாள்.

பெட்டியை மூடப் போகும் நேரம் அவன் முன்னால் வந்தான். கைகளைக் கூப்பினான். வீடு நிறைந்த சனத்துக்கு நடுவே, தெளிவாக, "அக்கா, போட்டு வாறன்" என்றான்.

ஒப்பாரி நின்றுவிட்டது. செத்தவீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. போகிறவர் பேசாமல் எழும்பிப் போக வேண்டும்; திரும்பி வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாக அர்த்தம். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு யார் சொன்னது? சாகக் கிடந்தவள் அதைத் தன் வாயால் எப்படிச் சொல்லிக் கொடுப்பாள்?

"டேய் வெள்ளை!" என்று அவளுடைய தமையன் பாய்ந்தான். "திரும்பி வந்து அடுத்ததா ஆரைக் கொண்டு போகப் போறாய்?"

"வாயை மூடு மச்சான்" என்றேன். "உன்ரை தங்கச்சி பழக்கினதைத்தான் அவன் சொன்னவன். அவள் படுத்த படுக்கையாக் கிடக்கேக்கை நீ எத்தினை தரம் வந்தனீ?"

துக்கத்தில் பிதற்றுகிறேன் என்று என்னைப் பிடித்து இருத்தினார்கள். அது துக்கம் இல்லை. கோபம்.

வெளியே யாரோ அவனுக்கு அர்த்தத்தை விளக்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவன் வாய் பூட்டிக்கொண்டது. காலையில் பின்கதவால் சத்தமில்லாமல் போனான், சத்தமில்லாமல் வந்தான். போறனும் இல்லை, போட்டு வாறனும் இல்லை. என்னோடு கதைக்க நேர்ந்தால் ஆங்கிலத்தில் இரண்டு சொல்.

என் கைப்பேசியில் அவளுடைய படங்கள் இருக்கின்றன. குரல் இல்லை. பதிந்து வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கதைத்த தமிழ் இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அவன் வாயில் மட்டும்தான். அதையும் மூடிவிட்டார்கள். அவளைப் போல ஒருதரம் கதை என்று அவனிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஓர் ஆம்பிளை இன்னோர் ஆம்பிளையிடம் இதை எப்படிக் கேட்பது?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கொஞ்ச நாளில், வேறொரு நாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றான். வாடை தொடங்கிவிட்டது, உப்புவெளியில் வேலையும் இல்லை. சரி என்றேன்.

புறப்படும் காலை ஓட்டோ வாசலில் நின்றது. பையை ஏற்றிவிட்டு வந்து என் கையைப் பிடித்தான். திரும்பி நடந்தான்.

"டேய்" என்றேன். "வீட்டிலை இருந்து இப்பிடியோ போறது? அவள் என்ன பழக்கினவள்?"

அவன் நின்றான். "சொல்லக் கூடாது எண்டு சொன்னவை, அண்ணை."

"சொன்னவன் கிடக்கிறான். நான் சொல்லுறன். சொல்லு."

அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், குசினி வாசலைப் பார்த்தான்.

"போட்டு வாறன்" என்றான். அதே இழுப்பு. பிறகு, பழக்கதோஷத்தில்தான் என்று நினைக்கிறேன், "விளங்கினதோ?" என்றான்.

அவளிடம் ஒருநாளும் ஒழுங்காகச் சொல்லாத பதிலை அவனிடம் சொன்னேன்.

"விளங்கினது."

ஓட்டோ தெரு முனையில் ஒரு மானுக்காக நின்று, பிறகு வளைந்து மறைந்தது. அவன் இன்னும் வரவில்லை. பின்னறையை நான் வாடகைக்கு விடவில்லை.