மேசையின் எதிர்ப்பக்கம்

சிங்கப்பெருமாள் கோவில் அருகே ஒரு ஸ்குரூ பட்டறையில் டிராயிங் போடும் வேலையில் இருந்தேன். அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியது. முதலாளி அதைக் கொடுத்தார். கூடவே பாதிப் பேரை நிறுத்திவிட்டார். ஸ்குரூ பிரிக்கும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களில் ஒருவர்தான் மிஞ்சினார்.

மிஞ்சியவருக்கு ஒல்லியான உடம்பு, எண்ணெய் ஊறிக் கறுத்த விரல்கள். மரை சரியா என்று சந்தேகம் வந்தால் அந்த ஸ்குரூவை எதிர்ப்பக்கம் தள்ளுவார். எதிரே உட்கார்ந்திருந்த தோழி பார்த்துச் சொல்வது வழக்கம். ஆள் போன பிறகும் தள்ளிக்கொண்டேயிருந்தார். மாலையில் தானே எழுந்து போய் அந்தக் குவியலைப் பிரிப்பார்.

ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"யம்மா, நீ படிச்ச பொண்ணு. ரெண்டு பேரும் பழைய கூலிக்கே வர்றோம்னு எழுதிக் குடுத்தா, அவள சேத்துக்குவாங்களா?"

"கம்மியா கொடுக்கக் கூடாதும்மா. சட்டம்."

"நாங்களா கேட்டாக்கூடவா?"

"கேட்டாக்கூட."

"இன்னா பேஜாரா கீது!" என்று சிரித்தார். "கூலி ஏறிச்சு, பேச ஆளில்ல."

அன்று மாலை முதல் என்னோடு ஸ்டேஷன் வரை பேசிக்கொண்டே நடந்து வந்தார். தாம்பரம் போகும் ரயிலில் நான் ஏறும்வரை நிற்பார். அவர் வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.