முதல் வரிசையில் ஒருத்தி

அந்த மழை நாளில் ஷூச்சின், விரிவுரை அறையின் முதல் வரிசையில் தன்னந்தனியாகப் போய் உட்கார்ந்தார். ஜியாயி நகரத் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். மாணவர் ஒருவர்கூட வரவில்லை. பேச வந்த சாய் அம்மாள் மட்டும் கடற்கரை ஊரிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். ஐம்பது வருஷம் சிப்பி உரித்தவர்; அந்தத் தொழிலைப் பற்றித்தான் பேச்சு.

"ஆளே இல்லையேம்மா. சுவத்துக்கிட்டயா பேசறது?"

"என்னைப் பாத்தா சுவர் மாதிரியா இருக்கு? பேசுங்க, கேக்கறேன்."

பேச்சு நடந்தால்தான் சம்பளம் என்பது பல்கலைக்கழக விதி. வெளியிலிருந்து பேச வருகிறவர்களுக்கும் ஒப்பந்த வேலைக்காரர்களுக்கும் பணம் கொடுக்கிற மேசையில் ஷூச்சின் இருபத்தாறு வருஷமாக இருந்தார். அந்த அம்மாளை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு மணி நேரம் அசையாமல் கேட்டார். பின் வரிசையில் போரென் இருந்தான். ஒலிபெருக்கி பார்க்கிற வருஷ ஒப்பந்தக்காரன். சாட்சிக்குப் படம் வேண்டும் என்று அவனையே எடுக்கச் சொன்னார். படத்தில் சாய் அம்மாளும் ஷூச்சினின் பின்னந்தலையும்தான் விழுந்தன. 'கேட்டவர்கள் இருவர்' என்று உள்ளதையே எழுதி, நாலாயிரம் உள்ளூர் டாலர் வாங்கிக் கொடுத்தார்.

ஷூச்சின் அப்படித்தான். கையெழுத்துக்குப் பதில் குத்துகிற முத்திரை கோணலாக விழுந்த காகிதத்தைத் திருப்பி அனுப்ப மாட்டார். பஸ் ஏறிப் போய்த் திரும்பக் குத்தி வாங்கி வருவார். பிறை பிறந்த நாளிலும் பௌர்ணமியிலும் மரக்கறிச் சாப்பாடு, கருணைத் தெய்வம் குவான்யின் கோயில், அப்புறம்தான் ஆபீஸ். "சாமி கும்பிட்டு வந்தா கணக்குத் தப்பாதா அக்கா?" என்று போரென் சீண்டுவான். "கணக்குத் தப்பும் தம்பி. கோபம்தான் வராது" என்பார்.

அடுத்த வருஷம் தணிக்கைக்கு வந்தவர்கள் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மாணவரே இல்லாமல் என்ன பேச்சு? இரண்டாவது ஆள் எங்கே? பேச்சே நடக்காமல் பணம் போயிருக்கிறது என்றார்கள். சாய் அம்மாள் போனில், "தொண்டை கட்டற வரைக்கும் பேசினேன்டா!" என்று கத்தினார். பணம் வாங்கியவர் சொல் செல்லாது என்றார்கள். மிச்சம் இருந்தது போரென் ஒருவன்தான்.

அந்த வாரம்தான் அவன் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். தணிக்கைக்காரர் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தபோது அவன் வாய் தானாகச் சொன்னது: "படம் எடுத்துட்டு உடனே வெளிய போயிட்டேன் சார்."

ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஒரு மூச்சுதான் பிடித்திருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஊதுபத்தி கொளுத்தி நின்றும், அந்த மூச்சு அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

நாலாயிரத்தை ஷூச்சின் தன் சம்பளத்திலிருந்து கட்டினார். மலையடிவாரக் கிளையின் பழைய காகித அறைக்கு அவரை மாற்றினார்கள். மேசையைக் காலி செய்கிற நாளில் போரென் புது ஒப்பந்தத்தில் முத்திரை குத்த வந்தான். தரையையே பார்த்துக்கொண்டு குத்தினான்.

"முத்திரை சரியா விழல பாரு. இன்னொரு தடவை அழுத்திக் குத்து. புதுசா வர்றவங்க திருப்பி அனுப்பிட்டா, புதுவருஷத்துக்குக் காசு வராது."

குத்தினான். அவர் மையை ஊதிக் காயவைத்தார்.

"ஏன் தம்பி, அந்தச் சிப்பியம்மா பேச்சை முடிக்கறப்ப, கல்யாண மோதிரம் சிப்பி மூட்டையில தொலைஞ்ச கதை சொன்னாங்களே. கெடச்சுதா அது? எனக்கு மறந்துபோச்சு."

"கெடச்சுது அக்கா. மூணு வருஷம் கழிச்சு, சிப்பி ஓட்டுக் குவியல்ல" என்றான் யோசிக்காமல். சொன்ன பிறகுதான் அவன் முகம் வெளுத்தது.

ஷூச்சின் காகிதத்தை மடித்து அவன் கையில் வைத்தார்.

"அப்போ கடைசி வரைக்கும் இருந்து கேட்டிருக்கே. எனக்கு அது போதும், தம்பி."