ஸ்டெல்லா அக்கா வேண்டாம் என்ற பம்ப்

செவ்வாய்க்கிழமை காலை, பேகம்பேட் நீச்சல் குளத்தில் பெண்கள் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். மாலைக்குள் நம் நீச்சல் வகுப்பு வாட்ஸப் குழுவில் அவர் படத்துக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'உயிரைவிட நீச்சலை நேசித்தவர்.' உங்களில் பலர் கைகூப்பியிருந்தீர்கள். அது உண்மையில்லை.

அக்கா மல்காஜ்கிரியில் பிறந்து வளர்ந்தவர். அங்கேயே மணமுடித்து, இருபது வருடத்துக்கு மேல் இந்தக் குளத்தில் பயிற்சி கொடுத்தவர். நான் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரம், நடுத்தர வயதுப் பெண் ஒருவர் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா குனிந்து, "கம்பிய விடு. அது உன் புருஷன் இல்ல" என்றார். நான் அதிர்ந்து போனேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, பிடியை விட்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன் குளத்துப் படியேறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். இதயம் வீங்கித் தளர்ந்திருந்தது. மருந்துகள் கொஞ்ச காலம்தான் தாங்கின. மாற்று இதயத்துக்குக் காத்திருக்க நேரமில்லை, இதயத்தோடு ஒரு பம்ப் பொருத்தலாம் என்றார் டாக்டர். அதன் வயர் வயிற்றைத் துளைத்து வெளியே வரும், பேட்டரிகளை எப்போதும் உடம்பில் சுமக்க வேண்டும், இனி நீச்சல் என்பதே கிடையாது. அக்கா நான்கு நாள் யாரிடமும் பேசவில்லை. ஐந்தாம் நாள் எனக்குப் போன் செய்தார்.

"ஹவ்டி, சரி, போட்டுக்கறேன். கரையில உக்காந்து திட்டறதுக்கு வாய் போதும்."

அவர் முடிவு அதுதான். வாழ விரும்பினார்.

அடுத்த வாரம் அவர் கணவர், மகள், நான் மூவரும் அக்காவுடன் டாக்டரிடம் போனோம். வயர் வெளிவரும் இடத்தைத் தினமும் சுத்தம் செய்து கட்டுப் போட வேண்டும், கிருமி புகுந்தால் ஆபத்து, அதனால் வீட்டில் ஒருவர் முன்னாலேயே பயிற்சி எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். யார் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். ரத்தம் பார்த்தாலே மயக்கம் வரும் என்றார் கணவர். ஆபீசில் அவ்வளவு லீவு தரமாட்டார்கள் என்று மகள் தெலுங்கில் சொன்னாள். அக்கா என் பக்கம் திரும்பினார். என் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நானும் வாய் திறக்கவில்லை.

"நக்கோ, வேணாம் டாக்டர்," என்றார் அக்கா. "தண்ணியில எறங்காம என்னால இருக்க முடியாது. எனக்கே வேணாம்."

டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அக்கா அசையவில்லை. வெளியே வந்ததும் கணவர் யாருக்கோ போன் போட்டு, அவளுக்கு நீச்சல்தான் உயிர் என்று பெருமையாகச் சொன்னார். கேட்டவர்களிடம் நானும் அப்படியே சொன்னேன். சொல்லச் சொல்ல அது எங்களுக்கே உண்மைபோல ஆகிவிட்டது.

ஏழு வாரம் கழித்து ஒரு மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். படுத்தால் மூச்சு திணறும் என்பதால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். கட்டுப் போட நான் கற்றுக்கொள்கிறேன், தினமும் வருகிறேன் என்றேன்.

"கிட்னி போச்சுடி. இனிமே ஆபரேஷன் தாங்காதாம். போன வாரம் நானே டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டேன்."

சரிந்திருந்த தலையணை ஒன்றை நிமிர்த்தி வைத்தேன். அவர்தான் மறுபடி பேசினார்.

"அன்னிக்கு டாக்டர் ரூம்ல, ஹேண்ட்பேக்குள்ள அவ்ளோ நேரம் என்னடி தேடின?"

"சாவி" என்றேன்.

"கெடச்சுதா?"

கிடைத்தது என்றேன். தலையை ஆட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதையும் அளந்துதான் கொடுக்க வேண்டியிருந்தது.

அக்கா நினைவாக யாரிடம் என்ன இருக்கிறது என்று குழுவில் கேட்டிருந்தீர்கள். ஒருவர் விசில் என்று எழுதினார், இன்னொருவர் பழைய புகைப்படம் என்றார். என்னிடம் இருப்பது அக்காவின் அந்தக் கேள்வியும், என் பொய்யை நம்பியதுபோல அவர் தலையாட்டியதும்தான்.