காற்றில்லாமல் ஏறிய கடல்

லுசுங்கு நடக்கப் பழகியதும் நீந்தப் பழகியதும் ஒரே வருடத்தில்தான். மலாவி ஏரியின் மேற்குக் கரையில், நக்காட்டா பே ஊரில், மீன்பிடிக் குடும்பத்தின் கடைக்குட்டி. அந்தத் தெருவிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போன முதல் பெண் அவள். நியூகாசிலில் செவிலியர் படிப்பு. வேலையோ பாடமோ இல்லாத சனிக்கிழமைகளில் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவாள். டர்ஹாம் பேராலயத்தின் கோபுரத்தில் மூச்சு வாங்க ஏறினாள். யார்க் நகரத்து மதில்மேல் மழையில் நனைந்துகொண்டே சுற்றி வந்தாள். போன இடத்திலெல்லாம் ஒரு படம் எடுத்து அண்ணன் கொண்ட்வானிக்கு அனுப்புவாள். அவன் அதை வலை காய்கிற இடத்தில் எல்லோரிடமும் காட்டி முடித்த பிறகுதான் படகைத் தள்ளுவான்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போனாள். கூடவே வந்தவள் டாபிவா. மலாவியின் தலைநகர் லிலாங்வேயில் வளர்ந்த பெண், ஒரே வகுப்பு, பக்கத்து அறை. ஆற்றங்கரைக்குக்கூடப் போகாமல் வளர்ந்தவள், நீச்சல் தெரியாது.

தண்ணீர் வடிந்து மணலாகக் கிடந்த கடலின் நடுவே தீவுக்குத் தார்ச்சாலை இருந்தது. அதில் நடந்தே போய், இடிந்த மடத்தையும் குன்றின்மேல் இருந்த கோட்டையையும் பார்த்தார்கள். கொண்டுபோன மண்டாசி என்னும் எண்ணெய்ப் பணியாரத்தைக் கோட்டைச் சுவரில் சாய்ந்து தின்றார்கள். திரும்பும்போது லுசுங்குவுக்குச் சாலை அலுத்துவிட்டது. மணற்பரப்பின் குறுக்கே கம்பங்கள் வரிசையாக நட்ட பழைய வழி ஒன்று கரைவரை போயிற்று.

"அதுல போலாம். செருப்பைக் கழட்டிட்டு ஜாலியா."

டாபிவா தயங்கினாள். "வர்றப்ப ஒரு பலகை இருந்துச்சே, எத்தனை மணிக்குள்ள கடக்கணும்னு போட்டு."

"அது கார்க்காரங்களுக்கு. பாரு, மணல் எப்படிக் காஞ்சு கெடக்கு! ஒரு இலைகூட அசையல. காத்தே இல்லாதப்ப தண்ணி என்னடி பண்ணும்?"

லுசுங்கு பொய் சொல்லவில்லை. அவளுடைய ஏரியில் ஆளைக் கொல்வது ம்வேரா என்னும் தென்கிழக்குக் காற்று. அது வீசாத நாளில் தண்ணீர் நேற்று நின்ற இடத்தில்தான் இன்றும் நிற்கும். அப்பாவும் அண்ணனும் விடியலில் முகத்தைத் தூக்கிக் காற்றைத்தான் முகர்ந்து பார்ப்பார்கள். அதை நம்பித்தான் அவள் நடந்தாள்.

பாதி வழியில் எங்கிருந்தோ ஊளைச் சத்தம் வந்தது.

"யாரோ அழறாங்கடி."

"கடல்நாய். தூரத்துத் திட்டுல படுத்துக்கிட்டுப் பாடுது. உன்னைவிட நல்லாவே பாடுது."

டாபிவா சிரிக்கவில்லை. அவள் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் மிதித்து வந்த காலடித் தடங்களில் தண்ணீர் பளபளத்தது. அலை இல்லை, நுரை இல்லை. தரையே கசிவதுபோல் அது வந்துகொண்டிருந்தது. முன்னால் காய்ந்து கிடந்த பள்ளம் ஒன்று வாய்க்காலாகி ஓடியது.

கொஞ்ச தூரத்தில், தண்ணீரில் மாட்டிக்கொள்பவர்கள் ஏறி ஒதுங்க, உயரமான கால்கள்மேல் அறைபோல் ஒரு மரப்பெட்டி நின்றது. ஏணியும் இருந்தது.

"அதுல ஏறிக்கலாம், லுசுங்கு."

"பைத்தியமா? முழங்கால் தண்ணிதான். இந்தப் பள்ளத்தைத் தாண்டினா கரை."

லுசுங்கு இறங்கினாள். மூன்றாவது அடியில் தண்ணீர் தொடைக்கு வந்தது. குளிர் எலும்பைப் பிடித்தது. ஓட்டம் காலுக்கடியிலிருந்த மணலை இழுத்துக்கொண்டு போயிற்று. அவள் அறிந்த தண்ணீர் இப்படி இழுக்காது. அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள், யோசிக்காமல், கரையைப் பார்த்துக்கொண்டே.

"நான் நீந்தி அந்தப் பக்கம் போயிடறேன். போய் ஆளைக் கூட்டிட்டு வரேன்."

திரும்பிப் பார்த்தாள். டாபிவாவின் முழங்காலுக்குத் தண்ணீர் வந்திருந்தது. கூப்பிடவும் இல்லை, அழவும் இல்லை. லுசுங்குவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

லுசுங்கு திரும்பி வந்து அவள் மணிக்கட்டைப் பற்றினாள். இடுப்பளவு தண்ணீரில் அந்தப் பெட்டியின் ஏணியை எட்டினார்கள். டாபிவாவை முதலில் ஏற்றிவிட்டாள். டாபிவாதான் அவசர எண்ணை அழைத்தாள். ஈர விரலால் மூன்று முறை தவறாக அழுத்தி, நான்காவது முறை கிடைத்தது.

மீட்புப் படகில் வந்த பெண் ஆளுக்கொரு போர்வையைச் சுற்றிவிட்டாள். "காத்து இல்லேன்னாலும் இங்க கடல் நாளைக்கு ரெண்டு தடவை ஏறும்மா. இன்னைக்கு மாட்டினதுல நீங்க ரெண்டாவது. மொதல்ல ஒருத்தர் காரோட மாட்டினார். காரை விட்டுட்டுத்தான் கூட்டிட்டுப் போனோம்." அவள் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். லுசுங்கு சிரித்து வைத்தாள்.

பேருந்தில் டாபிவா முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டாள். லுசுங்கு கடைசி வரிசைக்குப் போனாள். வெயில் இன்னும் இருந்தது. அண்ணன் அழைத்தான்.

"என்னம்மா, படம் எங்க? இங்க எல்லாரும் கேக்கறாங்க. உன் தங்கச்சி கடலையே தாண்டிட்டாளானு."

"அண்ணா, கடல் எங்களைச் சுத்திக்கிச்சு. காத்தே இல்ல. ஆனாலும் ஏறிடுச்சு."

"அடிகிடி பட்டுச்சா?"

"இல்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "டாபிவாவை விட்டுட்டு நீந்திப் போறேன்னு சொல்லிட்டேன். அவளுக்கு நீச்சல் தெரியாதுங்கறதே எனக்கு அப்ப ஞாபகம் வரல, அண்ணா."

தங்கையைப் பற்றி ஊரெல்லாம் பேசித் திரிகிறவன் சுற்றி நின்றவர்களை விட்டு விலகி நடந்தான்.

"திரும்பி வந்தியா?" என்று கேட்டான்.

"வந்தேன்."

"அவ எங்க இருக்கா இப்ப?"

"முன்னாடி சீட்டுல."

"அப்ப அங்க போ. எங்கிட்டப் பேசினது போதும்."

லுசுங்கு எழுந்து, இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள். "டாபி, நான் தப்புப் பண்ணிட்டேன்," என்றாள்.

டாபிவா சன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "அந்தப் பள்ளம் கொஞ்சம் குறுகலா இருந்திருந்தா, நீ போயிருப்ப. இல்லையா?"

இல்லை என்று சொல்ல லுசுங்கு வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை.

டாபிவா பையை எடுக்கவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "உக்காருங்கம்மா," என்றார். லுசுங்கு கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.