கடல் வகுப்பில் அதிர்ந்த தரை

மேல்வீட்டுக்காரர் பீரோவை நகர்த்தினார். என் மேஜையில் டம்ளர் தண்ணீர் நடுங்கியது. அடுத்த நொடி நான் தெருவில், லுங்கியை ஒரு கையில் பிடித்தபடி நின்றேன். மனைவிக்குச் சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது.

அறுபதுகளில் ஒரு கடலோர ஊரில், மாணவர்களுக்குக் கடல் உயிரியல் அறிமுக வகுப்பு நடத்தினார்கள். தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கப் பகுதியிலிருந்து போனவன் நான் ஒருவன்தான். அதுவரை கடலையே பார்த்ததில்லை. முதல் பாடத்தில் ஆசிரியர் தட்டுத் தண்ணீரில் ஒரு நட்சத்திர மீனைக் காட்டினார். அதை நான் கையில் வாங்கியபோது தொம்மென்று தரை அதிர்ந்தது.

சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால், வரிசையாக நிற்கும் எங்கள் தொழிலாளர் லைன் வீடுகள் அப்படித்தான் அதிரும். உள்ளே இறங்கியவர்கள் மேலே வந்துவிட்டார்களா என்று கேட்க, மொத்த லைனும் சுரங்க வாயிலுக்கு, ஷாஃப்டைப் பார்த்து ஓடும். அப்பாவுக்கு அன்று சுரங்கத்தில் பகல் ஷிப்ட். நான் ஓடினேன், நட்சத்திர மீனோடு. அதுவும் உயிர்தானே.

வெளியே ஓர் ஆள் இல்லை. மணல் மட்டும் கிடந்தது.

"அலை சுவர்ல மோதுதுப்பா. மீனைக் கொண்டா," என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அங்கே இருந்த நாளெல்லாம் அலை மோதியது. ஒவ்வொரு முறையும், அப்பா மேலே வந்துவிட்டாரா என்று கேட்க எனக்கு யாருமில்லை.

ஊருக்கு வந்ததும் அப்பா கேட்டார். "கடல் இன்னாடா, எப்டி கீது?"

"நம்ம ஊரு மாதிரியேதான் அதிருதுப்பா. ஆனா யாரும் வெளிய வரமாட்றாங்க."

அப்பா சிரிக்கவில்லை.

"அப்ப நீ தனியாவா ஓடுன?" என்றார்.