இடப்பக்க முன்சில்லு

என் கணவருக்கு ஐம்பத்தாறு வயதில் ஒரு கிறுக்குப் பிடித்தது. உதிரிப் பாகங்களைப் பெட்டி பெட்டியாய் வரவழைத்து, வீட்டிலேயே பூட்டிச் செய்யும் கார். கூரை இல்லை, கதவு என்று சொல்ல ஒன்றுமில்லை, இருக்கை இரண்டே இரண்டு. ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டோடு ஒட்டிய கராஜில் ஐந்து வருடமாக அதைப் பூட்டினார். பஸ் ஓட்டுவது அவர் வேலை. மிச்ச நேரமெல்லாம் கராஜ். வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்று நினைவுபடுத்தி நினைவுபடுத்தி எனக்கு அலுத்துவிட்டது.

கார் உருவாக உருவாக என் பயமும் வளர்ந்தது. கம்பனி செய்த கார் என்றால் எத்தனையோ பேர் பார்த்துப் பார்த்து அனுப்பியிருப்பார்கள். இதை இந்த ஒரு மனிதர், மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு, இரண்டு ஷிப்டுக்கு நடுவே பூட்டியிருக்கிறார். ஒரு நட்டு பிசகினால் போகப்போவது அவருடைய உயிர். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். சிரித்துவிட்டுக் கராஜுக்குப் போய்விடுவார்.

இப்படிச் செய்த காரை அரசாங்கப் பரிசோதகர் பார்த்துச் சரியென்று சொன்னால்தான் நம்பர் தருவார்கள்; பரிசோதனைக்கு மட்டும் நம்பர் இல்லாமல் ஓட்டிப் போகலாம். ஒக்டோபர் கடைசியில் நாள் கிடைத்தது. அது முடிந்ததும், ரோட்டில் பனிக்கு உப்புப் போடத் தொடங்குமுன், காரைக் குளிர்காலத்துக்கு மூடி வைப்பதென்று ஏற்பாடு. தலை மோதக்கூடிய இடத்தில் கூரான எதுவும் இருக்கக்கூடாது என்று விதியாம். ஒவ்வொரு விளிம்பாக விரலால் தடவித் தடவி றப்பர் ஒட்டினார். அந்த நேரம் பார்த்து நான் சின்னப் பித்தளைப் பிள்ளையாரைக் கொண்டுபோய், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? பிள்ளையாற்றை தும்பிக்கை கூராய் நிக்குது. பெயிலாக்கிப் போடுவாங்கள்."

"பிள்ளையார் இல்லாமல் வெளிக்கிடுறதோ?"

"முதல் பாஸாகட்டும். பேந்து வையும்."

பரிசோதனைக்கு முதல் நாள் பின்னேரம் சில்லுகளின், அதாவது சக்கரங்களின், நட்டுகளைக் கடைசியாக இறுக்கத் தொடங்கினார். அவருக்கு ஒரு முறை உண்டு. அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் போடும் ரெஞ்சால் இறுக்குவார். இறுக்கிய நட்டில் பெயின்ற் பேனாவால் ஒரு மஞ்சள் கோடு போடுவார். கோடு இருந்தால் வேலை முடிந்தது, திரும்பத் தொடத் தேவையில்லை. அந்த முறையை அவர் அதுவரை எனக்குச் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. மூன்று சில்லு முடிந்த நேரம், ஷிப்டை மாற்ற முடியுமா என்று டிப்போவிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே வீட்டுக்குள் வந்தவர், அப்படியே சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அந்த இடைவெளியில் நான் கராஜுக்குள் போனேன். பிள்ளையாரைத்தான் விடவில்லை, மஞ்சளை யார் தடுப்பது? மஞ்சளைக் குழைத்துக்கொண்டு போய், பரிசோதகர் கண்ணில் படாது என்று நினைத்து, நாலு சில்லிலும் நட்டு நட்டாகப் பொட்டு வைத்தேன். மூன்று சில்லில் ஏற்கெனவே மஞ்சள் கோடுகள் இருந்தன. ஒன்றில் இல்லை. ஏன் இல்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

காலையில் அவர் டோர்ச் அடித்து நாலு சில்லையும் பார்த்தார். எல்லா நட்டிலும் மஞ்சள். தலையை ஆட்டிவிட்டு ஏறினார். தனியே விட மனமில்லாமல் நானும் ஏறி, இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தேன்.

தூறல். ஏ நாற்பது நெடுஞ்சாலையில் ஏறியதும் பக்கத்தில் போன லொறியின் சில்லு என் தோளுக்கு மேலே சுற்றியது. கொஞ்ச நேரத்தில் என் காலுக்கு முன்னாலிருந்து ஒரு சத்தம். டொக், டொக், டொக்.

"இஞ்சாருங்கோ, ஏதோ சத்தம் கேக்குது."

"புதுக் கார். அப்பிடித்தான் இருக்கும்."

ஸ்டியரிங் அவர் கையில் நடுங்குவதைக் கண்டேன். வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடியது. கேட்காமலிருக்க நான் பேசத் தொடங்கினேன். "ஒண்டும் நடவாது. நேற்று நாலு சில்லுக்கும் மஞ்சள் வைச்சனான். பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "என்ன வைச்சனீர்? எங்கை?"

"மஞ்சள்தான். அந்த நட்டுகளிலை."

முப்பது வருடத்தில் அவருடைய முகத்தில் அப்படி இரத்தம் வற்றி நான் பார்த்ததில்லை. வேகத்தைக் குறைத்துக் குறைத்து, அடுத்து வந்த பெற்றோல் ஷெட்டுக்குள் உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

மூன்று சில்லில் கோடுகள் அப்படியே இருந்தன. என் பக்கத்து முன்சில்லில் மஞ்சள் மழையில் கரைந்து ஒழுகியிருந்தது. அதன் கீழே கோடு இல்லை. அவர் ஒரு நட்டை இரண்டு விரலால் தொட்டார். அது சுழன்றது. மற்ற மூன்றும் சுழன்றன. அவர் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் நின்றபடி அழுதேன்.

"நான்தான் இறுக்கேல்லை. நீர் அழாதையும்," என்றார். ரெஞ்சை எடுத்து இறுக்கினார். நாலு முறை 'டிக்' கேட்கும் வரை நான் எண்ணினேன். அவர் பிறகும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பரிசோதனையில் கார் தேறவில்லை. பக்கக் கண்ணாடியின் விளிம்பு கூராக இருக்கிறதாம். சரிசெய்து மார்ச்சில் கொண்டுவரச் சொன்னார்கள். அவருக்கு முகம் தொங்கிவிட்டது. மார்ச் வரை கார் ரோட்டுக்கு வராது என்று எனக்கோ கும்பிட வேண்டும் போலிருந்தது. திரும்பி வரும்போது காரை ஒரு லொறியில் ஏற்றுவித்தேன்.

இப்போது கார் கராஜில் போர்வைக்குள் கிடக்கிறது. டயர்களில் காற்றைக் கூட்டி வைத்திருக்கிறார். பற்றரியைக் கழற்றி என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மூலையில் வைத்திருக்கிறார். எலி புகாமல் புகைக்குழாய் வாயை அடைத்தாயிற்று. மஞ்சள் பேனாவைக் கொடுத்து, "இனி நான் இறுக்க, நீர் கோடு போடும்," என்றார். நாலு சில்லுக்கும் அப்படியே செய்தோம். என் கோடுகள் கோணல்.

மார்ச் நெருங்குகிறது. அவர் ஷிப்டுக்குப் போனதும் நான் கராஜுக்குள் போய்ப் போர்வையைத் தூக்குவேன். விரலை நாக்கில் நனைத்து ஒவ்வொரு நட்டாகத் தேய்த்து, விரலில் மஞ்சள் ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். ஒட்டுவதில்லை. பதினாறையும் தேய்த்து முடித்து, போர்வையை இழுத்து மூடிவிட்டு, கதவுவரை வந்து, இடப்பக்க முன்சில்லுக்குத் திரும்பிப் போவேன்.